கால்குலேட்டருக்கு கமாண்ட் லைனிலேயே எண் கொடுக்கலாம்

சி மொழி கற்கத் தொடங்கியவர்கள் பலரும் எழுதிப் பார்ப்பது ஒரு கால்குலேட்டர் புரோகிராம். அது ஓடும்போது "முதல் எண் என்ன? அடுத்த எண் என்ன?" என்று ஒவ்வொன்றாகக் கேட்கும். அப்படிக் கேட்க விடாமல், புரோகிராமின் பெயரை டைப் செய்யும் வரியிலேயே எண்களையும் தந்துவிடலாம். இவற்றை கமாண்ட் லைன் ஆர்குமென்ட் என்கிறோம்.

புரோகிராமுக்கு 'கணக்கு' என்று ஆங்கில எழுத்துகளில் பெயர் வைத்து கம்பைல் செய்யுங்கள். ('கால்க்' வேண்டாம். வேறு ஃபோல்டரில் நின்று டைப் செய்தால் விண்டோஸின் கால்குலேட்டரே திறந்துகொள்ளும்.) கமாண்ட் பிராம்ப்ட்டில் இப்படி டைப் செய்து என்டர் தட்டுங்கள்:

கணக்கு 2001 - 1856

ராயபுரம் ரயில் நிலையம் 1856-இல் திறக்கப்பட்டது. எண்ணூர் துறைமுகம் 2001-இல் செயல்படத் தொடங்கியது. விடை 145. குறிக்கு இருபுறமும் இடைவெளி கட்டாயம்.

மெயின் ஃபங்ஷனுக்கு இரண்டு தகவல்கள் வந்து சேரும். ஆர்க்-சி என்பது சொற்களின் எண்ணிக்கை. ஆர்க்-வி என்பது அந்தச் சொற்கள் அடங்கிய அரே. மேலே உள்ள வரியில் எண்ணிக்கை 3 அல்ல, 4. புரோகிராமின் பெயரும் சேர்த்தி; அது 0-வது இடத்தில் இருக்கும். எனவே ஆர்க்-சி 4 தானா என்று முதலில் சோதியுங்கள். சோதிக்காவிட்டால், யாராவது ஓர் எண்ணை விட்டுவிடும்போது புரோகிராம் பாதியில் நின்றுபோகும்.

நின்றுபோனாலாவது தவறு தெரியும். தெரியாமல் நடக்கும் தவறுதான் ஆபத்து. ஆர்க்-வியில் வருபவை எண்கள் அல்ல, வெறும் எழுத்துகள். இவற்றை எண்ணாக மாற்றப் பலரும் 'ஏ டி ஓ ஐ' என்ற ஃபங்ஷனைப் பயன்படுத்துகிறார்கள். காசிமேட்டில் 47.5 கிலோ மீன், கிலோ 220 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இந்த ஃபங்ஷன் புள்ளியைக் கண்டதும் நின்றுவிடும். 47 மட்டுமே மிஞ்சும். விடை 10,340. சரியான தொகையோ 10,450. அரைக் கிலோவுக்கான 110 ரூபாய் போயிற்று, எந்த எச்சரிக்கையும் இல்லாமல்! 'ஏ டி ஓ எஃப்' பயன்படுத்தி, விடையை டபுள் வகை வேரியபிளில் வையுங்கள். அப்போதும் 1,200 என்று கமா போட்டு டைப் செய்தால் 1 என்றே எடுத்துக்கொள்ளும். 'எஸ் டி ஆர் டி ஓ டி' ஃபங்ஷன் எந்த எழுத்தில் நின்றது என்பதையும் சொல்லும். சற்றுப் பழகியபின் அதற்கு மாறிவிடுங்கள்.

லினக்ஸில் பெருக்கலுக்கு * குறியை அப்படியே போடாதீர்கள். ஷெல் அதை எடுத்துவிட்டு ஃபோல்டரில் உள்ள ஃபைல்களின் பெயர்களை வைத்துவிடும். இரண்டு ஃபைல்கள் இருந்தாலே ஆர்க்-சி 5 ஆகிவிடும். "*" என்று மேற்கோள் குறிக்குள் கொடுங்கள்.