பித்தளைப் பூட்டும் தேங்காய் எண்ணெயும்

இரும்புக் கடைக்குச் சின்னப் பூட்டு வாங்கப் போகிறவர் முதலில் அதை உள்ளங்கையில் வைத்துக் கனம் பார்ப்பார். பிறகு "அசல் பித்தளைதானே?" என்பார், "எத்தனை லிவர்?" என்பார். கடைக்காரரிடம் இரண்டுக்கும் பதில் தயாராக இருக்கும். வளையம் எப்படிப்பட்ட எஃகு, வீட்டில் இருக்கும் நாதாங்கி எந்த நிலையில் இருக்கிறது என்ற பேச்சே வராது. திருட வருகிறவனோ அந்த இரண்டைத்தான் முதலில் பார்க்கிறான்.

"கனமான பித்தளைப் பூட்டை உடைக்க முடியாது"

பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம். எஃகைவிட மிருதுவானது, ஹாக்ஸா பிளேடு அதில் சிரமமில்லாமல் இறங்கும். பூட்டு செய்கிறவர்கள் பித்தளையை விரும்பக் காரணம் வேறு. அது துருப்பிடிக்காது, கடைசலுக்கு இணங்கும், நுண்ணிய துளைகளைத் துல்லியமாகப் போட வரும். அடி தாங்குவது எஃகு வளையத்தின் பொறுப்பு. கடினமாக்கிய எஃகு என்றால் வளையத்திலேயே 'ஹார்டண்டு' என்று பல கம்பெனிகள் பொறித்திருப்பார்கள். அது இல்லாத பூட்டு, உடம்பு எவ்வளவு கனத்தாலும், சின்ன ரம்பத்துக்குப் பதில் சொல்லாது.

வளையம் நீளமாக இருப்பதும் நல்லதல்ல. பூட்டிய பிறகு வளையத்துக்கும் நாதாங்கிக்கும் நடுவே எவ்வளவு இடம் மிஞ்சுகிறதோ அவ்வளவும் கடப்பாரைக்கான வழி. நாதாங்கியின் திருகுகள் வெளியே தெரிந்தால் பூட்டைத் தொடவே தேவையில்லை, திருப்புளி போதும். ஐந்நூறு ரூபாய்ப் பூட்டை அரை அங்குலத் திருகில் தொங்கவிடும் வீடுகள் எத்தனையோ.

"காந்தம் ஒட்டாவிட்டால் அசல் பித்தளை"

இரும்பின் மேல் முலாம் பூசிய பூட்டை மட்டும்தான் காந்தம் காட்டிக்கொடுக்கும். மலிவுப் பூட்டுகள் பல துத்தநாகக் கலவையை அச்சில் வார்த்து, மேலே பித்தளை நிறம் ஏற்றியவை. துத்தநாகத்திலும் காந்தம் ஒட்டாது. வாங்கிய பூட்டின் அடி ஓரத்தில் அரத்தால் ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்கள். உள்ளேயும் மஞ்சள் என்றால் பித்தளை, சாம்பல் வெள்ளை என்றால் முலாம். எஃகு வளையத்தில் காந்தம் ஒட்டத்தான் செய்யும். அதைப் பார்த்துக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம்.

"லிவர் கூடினால் பாதுகாப்பும் கூடும்"

பாதி உண்மை. லிவர் பூட்டுக்குள் மெல்லிய தகடுகள் அடுக்கியிருக்கும். சாவி ஒவ்வொரு தகட்டையும் அதற்குரிய உயரத்துக்குத் தூக்க வேண்டும்; குறைந்தாலும் திறக்காது, கூடினாலும் திறக்காது. இந்த இரட்டைத் தடையை இங்கிலாந்தில் 1778-ல் ராபர்ட் பேரன் கொண்டுவந்தார். தகடு கூடினால் கள்ளச்சாவி போடுகிறவனுக்கு வேலை கூடும் என்பது சரி. ஆனால் தகடுகளின் வெட்டு துல்லியமாக இல்லாவிட்டால் எண்ணிக்கைக்கு அர்த்தமில்லை. துல்லியமாகச் செய்த பூட்டுக்கும் எல்லை உண்டு: 1851 லண்டன் மகா கண்காட்சியின்போது அமெரிக்கப் பூட்டுத் தொழிலாளர் ஏ. சி. ஹாப்ஸ், திறக்கவே முடியாதது என்று பெயர் வாங்கியிருந்த சப் நிறுவனத்தின் லிவர் பூட்டைச் சாவியில்லாமல் அரை மணி நேரத்துக்குள் திறந்து காட்டினார்.

திண்டுக்கல் பூட்டின் புகழ் லிவர் எண்ணிக்கையால் வந்ததல்ல. அங்கே பூட்டும் சாவியும் கையால் அராவி, ஒன்றுக்கொன்று பொருத்திச் செய்யப்பட்டவை. 2019-ல் புவிசார் குறியீடு பெற்றது அந்தக் கைவேலை. இன்று அந்த ஊர்ப் பெயரில் விற்பதெல்லாம் அந்த ஊரில் செய்தவை என்று நம்பிவிட வேண்டாம்.

பெட்டிக்கும் தபால்பெட்டிக்கும் போடும் சின்னப் பித்தளைப் பூட்டுகள் பெரும்பாலானவற்றில் லிவரே கிடையாது. ஓரம் பல் பல்லாக வெட்டிய தட்டைச் சாவி என்றால் உள்ளே இருப்பவை பின்கள். அமெரிக்கர் லைனஸ் யேல் 1860-களில் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. நான்கு பின், ஒவ்வொன்றுக்கும் ஐந்து உயரம் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 625 வகைச் சாவிதான் சாத்தியம். நடைமுறையில் அதிலும் சில கழிந்துபோகும். ஆகவே உங்கள் பூட்டை இன்னொருவர் சாவி திறந்தால் அது மாயமல்ல, கணக்கு. வளையத்தை அமுக்கினாலே பூட்டிக்கொள்ளும் மலிவு வகைகளில் இன்னொரு ஓட்டை உண்டு: மெல்லிய தகரத் துண்டை வளையத்தின் ஓரமாகச் செருகியே பலவற்றைத் திறந்துவிடலாம். ரயிலில் பெட்டியைச் சங்கிலியோடு பூட்ட, மேஜை இழுப்பறைக்குப் போட இவை போதும். வாசல் கேட்டுக்குப் போதாது.

"சாவி இறுகினால் ரெண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய்"

பூட்டு ரிப்பேர் செய்கிறவர்களுக்கு இந்த இரண்டு சொட்டுதான் பிழைப்பு. ஊற்றிய அன்று சாவி வழுக்கிக்கொண்டு திரும்பும், அதனால் நம்பிக்கை பிறக்கிறது. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரியில் உறைந்துவிடும். மார்கழி விடியற்காலையில் பாட்டிலுக்குள் நடப்பது பூட்டுக்குள்ளும் நடக்கும். உறையாத நாளில் தெருப்புழுதியையெல்லாம் பிடித்து வைத்துக்கொள்ளும். நல்லெண்ணெய் நாளடைவில் காற்றுப் பட்டுப் பிசினாகும். பூட்டுக்குள் பின்கள் ஸ்பிரிங்கின் உந்துதலில் நுண்ணிய துளைகளில் ஏறி இறங்கும். அங்கே பிசின் படிந்தால் பின் பாதியிலேயே நின்றுவிடும். சாவியைப் பலமாகத் திருகுவோம், சாவி முறியும்.

சாவித்துவாரத்துக்கு ஏற்றது உலர்ந்த மசகு, அதாவது கிராஃபைட் தூள். தனியாக வாங்கவும் தேவையில்லை. 2பி பென்சில் முனையைச் சாவியின் பற்களில் நன்றாகத் தேய்த்து, உள்ளே விட்டு எடுத்து, சில தடவை திருப்புங்கள். ஏற்கெனவே எண்ணெய் ஊற்றிய பூட்டில் இதைச் செய்யக் கூடாது. எண்ணெயும் தூளும் சேர்ந்து கறுப்புக் குழம்பாகிவிடும். அப்படிப்பட்ட பூட்டை முதலில் டபிள்யூ.டி.-40 அடித்துக் கழுவி, அழுக்கு வடிந்து காய விட வேண்டும். அந்த ஸ்பிரேயின் பெயரே தண்ணீரை வெளியேற்றுவதைக் குறிப்பது. கழுவ உதவும், நீடித்த மசகாக அதை நம்ப வேண்டாம். வளையம் உள்ளே போகும் இரண்டு குழிகளுக்கு மட்டும் தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி விட்டு, மீதியைத் துடைத்துவிடலாம்.

"பளபளவென்று இருந்தால்தான் நல்ல பூட்டு"

குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்க்கலாம், அதற்குள் ஸ்பிரிங் இல்லை. பூட்டின் மேல் படியும் பழுப்பு வெறும் தோற்றம். அதனால் உலோகத்துக்குக் கெடுதல் கிடையாது. புளியின் அமிலமும் உப்பும் செங்கல் பொடியும் துவாரத்துக்குள் போவதுதான் கெடுதல். ஆயுத பூஜைக்குப் பூட்டின் நெற்றியில் சந்தனம் வையுங்கள், துவாரத்தை விட்டுவிடுங்கள்.

"பித்தளைக்கு எந்தச் சூழலும் ஒன்றுதான்"

நாகப்பட்டினம், ராமேசுவரம் போன்ற கடலோர ஊர்களில் பித்தளை உடம்பு அப்படியே இருக்க, எஃகு வளையம் துருப்பிடித்துக் குழிக்குள் இறுகிவிடும். அங்கே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வளையம் போட்டது வாங்குங்கள்.

இன்னொரு எதிரி அம்மோனியா. பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டாக்களின் பித்தளைக் கூடுகள் காரணம் தெரியாமல் விரிசல் விட்டன. குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியாதான் காரணம் என்பது 1921-ல் விளக்கப்பட்டது. பூட்டின் உடம்பு தோட்டாக் கூட்டைப் போல மெல்லியதல்ல, பிளந்துவிடாது. ஆனால் மாட்டுத்தொழுவக் கதவில் தொங்கும் பித்தளைப் பூட்டு பச்சை பூத்து மக்கர் செய்தால் தொழிலாளியைத் திட்டாதீர்கள். தொழுவத்துக்கு மூடி போட்ட இரும்புப் பூட்டே பொருத்தம்.

"கள்ளச்சாவி போட எந்தச் சாவியும் போதும்"

நகலிலிருந்து நகல் எடுக்கும்போது ஒவ்வொரு முறையும் சின்னப் பிசகு சேரும். மூன்றாவது சாவிக்குப் பூட்டு அடம் பிடிப்பது அதனால்தான். வாங்கும்போது கூட வந்த சாவிகளில் ஒன்றைப் புழங்காமல் தனியே எடுத்து வையுங்கள். மாற்றுச்சாவி அதிலிருந்தே வெட்டப்படட்டும். சாவியில் எண் பொறித்திருந்தால் அதைக் குறித்து வைத்துக்கொண்டு, சாவியில் இருப்பதை அராவி விடலாம். அந்த எண்ணை வைத்தே புதுச் சாவி வெட்டக்கூடிய பூட்டுகள் உண்டு.