இடம் இல்லை என்ற பிறகு: கம்யூனிட்டி காலேஜ் வழியாக யூசிக்கு

மார்ச் மாதம் முடிவதற்குள் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் (யூசி) சேர்க்கை முடிவுகள் வந்துவிடும். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை இருக்கும் வீட்டில் அந்த நாட்களில் யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. என் அக்கா மகனுக்கு பெர்க்லியிலும் யூசிஎல்ஏயிலும் இடமில்லை என்று வந்த அன்று, அக்கா அடுப்பை அணைத்துவிட்டு எனக்கு ஃபோன் செய்தாள். “கம்யூனிட்டி காலேஜ்ல சேர்த்தா நாலு பேரு என்னடா சொல்வாங்க?” அதுதான் அவள் கேட்ட முதல் கேள்வி. பையன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தான்.

நாலு பேருக்குச் சொல்லப் பதில் இருக்கிறது. ஆப்பிளை நிறுவியவர்களில் ஒருவரான ஸ்டீவ் வாஸ்னியாக், குப்பர்டினோவின் டி ஆன்சா காலேஜில் படித்துவிட்டு 1971-ல் பெர்க்லிக்குப் போனவர். ஆனால் அதைவிட முக்கியமானது, இது யாரோ கண்டுபிடித்த குறுக்கு வழி இல்லை என்பது. 1960-ல் மாநிலம் போட்ட உயர்கல்வித் திட்டமே இப்படித்தான்: முதல் இரண்டு வருடம் கம்யூனிட்டி காலேஜில் படித்து, மூன்றாம் வருடம் யூசியில் சேரலாம். மாநிலத்தில் இப்படி 116 காலேஜ்கள் இருக்கின்றன. இப்படி இடையில் டிரான்ஸ்ஃபராகச் சேர்பவர்களை எடுக்கும்போது யூசி இவர்களுக்குத்தான் முன்னுரிமை தருகிறது. யூசிஎல்ஏயில் முதல் வருடத்துக்கு விண்ணப்பிப்பவர்களில் பத்தில் ஒருவருக்குக்கூட இடம் கிடைப்பதில்லை. டிரான்ஸ்ஃபரில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குக் கிடைக்கிறது. கம்ப்யூட்டர் சயின்ஸ், நர்சிங் போன்ற துறைகளில் நெரிசல் மிக அதிகம், அங்கே இந்தக் கணக்கை நம்பக் கூடாது.

பையனிடம் நான் முதலில் சொன்னது இன்னொன்று. நிராகரிக்கப்பட்ட அந்த விண்ணப்பத்தை இனி யாரும் எடுத்துப் பார்க்கப் போவதில்லை. டிரான்ஸ்ஃபருக்கான ஜிபிஏ (மதிப்பெண் சராசரி), காலேஜ் பாடங்களை மட்டும் வைத்துப் போடப்படுவது. பள்ளி மதிப்பெண் அதில் சேராது. எஸ்ஏடி தேர்வை யூசி பார்ப்பதே இல்லை. அவனுக்கு முன்னால் இருந்தது வெறும் தாள்.

மே 1-க்குள் எடுக்க வேண்டிய முடிவு

வேறொரு நான்கு வருடப் பல்கலைக்கழகம் இடம் கொடுத்திருந்தால், அங்கே நான்கு வருடமும் மனதார இருப்பாயா என்று பிள்ளையைக் கேளுங்கள். இருப்பேன் என்றால் சேரட்டும். ஒரு வருடம் அங்கே ஒதுங்கியிருந்துவிட்டு யூசிக்குத் தாவலாம் என்ற எண்ணமானால், கம்யூனிட்டி காலேஜே மேல். முன்னுரிமை இங்கிருந்து போகிறவர்களுக்குத்தான். செலவும் ஒப்பிட முடியாதது. மாநிலவாசிகளுக்கு ஒரு யூனிட்டுக்கு 46 டாலர். தேவையான 60 யூனிட்டுக்கும் சேர்த்து 2,760 டாலர். முதல்முறை, முழுநேரமாகச் சேர்பவர்களுக்குப் பல காலேஜ்கள் அதையும் தள்ளுபடி செய்துவிடுகின்றன.

ஜூனிலேயே வேலையைத் தொடங்குங்கள்

கம்யூனிட்டி காலேஜ் யாரையும் திருப்பி அனுப்பாது. அதனாலேயே பலர் ஆகஸ்டு வரை சும்மா இருந்துவிடுகிறார்கள். அறிமுக வகுப்பு, கணித-ஆங்கிலத் தகுதி நிலை, கவுன்சிலரோடு உட்கார்ந்து போடும் படிப்புத் திட்டம் ஆகிய மூன்றையும் முடித்தவருக்குத்தான் பாடம் பதிவு செய்ய முன்கூட்டியே நாள் ஒதுக்குவார்கள். இயற்பியலிலும் கால்குலஸிலும் இருக்கைகள் சீக்கிரம் நிரம்பிவிடும். காத்திருப்போர் பட்டியலில் இடம் பிடித்திருந்தால், முதல் நாளே வகுப்புக்கு நேரில் போய் உட்கார வேண்டும்.

அசிஸ்ட் தளம்

இந்த வழியின் உயிர்நாடி இதுதான், நிதானமாகப் படியுங்கள். அசிஸ்ட் என்பது மாநிலத்தின் அதிகாரபூர்வமான இணையதளம். உங்கள் காலேஜ், போக விரும்பும் யூசி வளாகம், மேஜர் (முதன்மைப் பாடம்) என்று மூன்றையும் தேர்ந்தெடுத்தால் ஒரு பக்கம் வரும். இடது பக்கத்தில் யூசி கேட்கும் பாடம், வலது பக்கத்தில் அதற்கு ஈடாக உங்கள் காலேஜில் நடக்கும் பாடம். சில இடங்களில் உங்கள் காலேஜின் இரண்டு பாடங்கள் சேர்ந்துதான் அங்கே ஒரு பாடத்துக்கு ஈடாகும். ஒன்றை மட்டும் படித்தால் பாதிப் பாலம் கட்டிய கதைதான். சில பாடங்களுக்கு ஈடே இல்லை என்று போட்டிருப்பார்கள். அப்போது பக்கத்து ஊர்க் காலேஜில் அந்தப் பாடம் இருக்கிறதா என்று பார்த்து, அங்கே அதை மட்டும் படிக்கலாம்.

அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் டேவிஸ், பெர்க்லி, யூசிஎல்ஏ மூன்றுக்கும் இந்தப் பக்கங்களை அச்செடுத்துப் பரப்பினோம். மூன்றும் கேட்பதற்கு மஞ்சள், ஒன்று மட்டும் கேட்பதற்குப் பச்சை. மெக்கானிக்கல் இன்ஜினியரிங் என்பதால் கால்குலஸும் இயற்பியலும் எல்லாத் தாளிலும் மஞ்சளாகவே இருந்தன. பக்கத்தின் மேல் மூலையில் கல்வி ஆண்டு இருக்கும். பழைய வருடத்துப் பக்கத்தைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள்.

இவ்வளவு செய்தும் ஒரு தவறு நடந்தது. பதிவு செய்யும் நாளில் அவன் கேட்ட நேரத்தில் வகுப்பு இல்லை. அங்கே இருந்த ஒருவர், “கால்குலஸ்தானே, இதை எடுத்துக்கொள்” என்று வணிகவியல் மாணவர்களுக்கான கால்குலஸில் போட்டுவிட்டார். பெயர் கிட்டத்தட்ட ஒன்றுதான், பாட எண் வேறு. இன்ஜினியரிங்குக்கு அது செல்லாது. அக்டோபரில் தாளைப் புரட்டியபோதுதான் தெரிந்தது. சுவடில்லாமல் விலகும் தேதி தாண்டிவிட்டதால், விலகியதைக் காட்டும் டபிள்யூ என்ற எழுத்து சான்றிதழில் ஏறியது. அதைவிடப் பெரிய இழப்பு காலம். இந்தக் கணிதப் பாடங்கள் ரயில் பெட்டிகள் போல ஒன்றோடொன்று கோத்தவை. முதல் கால்குலஸ் இல்லாமல் இரண்டாவது கிடையாது, இரண்டாவது இல்லாமல் பன்மாறி கால்குலஸ் கிடையாது. முதலாவதை வசந்தப் பருவத்திலும் இரண்டாவதைக் கோடைக்காலத்தின் ஆறு வாரத்திலும் படித்துத்தான் அவன் வண்டியைப் பிடித்தான். அந்த ஆறு வாரமும் அவன் சரியாகத் தூங்கவில்லை. ஆகவே பாடத்தின் பெயரைப் பார்க்காதீர்கள், எண்ணைப் பாருங்கள். யார் என்ன சொன்னாலும் பதிவுப் பொத்தானை அழுத்துமுன் அசிஸ்ட் பக்கத்தோடு ஒருமுறை ஒத்துப்பாருங்கள்.

மேஜர் பாடங்களோடு யூசியின் பொதுத் தகுதிக்கு ஏழு பாடங்கள் தேவை: ஆங்கிலக் கட்டுரை இரண்டு, கணிதம் ஒன்று, கலை, சமூக அறிவியல், அறிவியல் ஆகியவற்றில் குறைந்தது இரண்டு பிரிவுகளிலிருந்து நான்கு பாடங்கள். இது போக, கால்-கெட்க் என்ற பொதுப்பாடத் தொகுப்பு 2025 இலையுதிர் பருவத்திலிருந்து பழைய ஐகெட்க் இடத்துக்கு வந்திருக்கிறது. கலைப் படிப்புகளுக்கு அதை முடிப்பது நல்லது. இன்ஜினியரிங் மாணவர்கள் மேஜர் பாடங்களை முதலில் முடிக்கட்டும்.

முதல் வருடத்தின் எடை

மொத்தம் நான்கு பருவம் இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் விண்ணப்பம் இரண்டாம் வருடம் நவம்பரிலேயே போய்விடும். அப்போது கையில் இருப்பது முதல் வருட மதிப்பெண்ணும் கோடைக்கால மதிப்பெண்ணும்தான். இலையுதிர் பருவத்து மதிப்பெண் ஜனவரியில் சேரும். கடைசிப் பருவம் முடிவதற்குள் பதில் வந்துவிடும். எனவே காயம் ஆறாத மனதோடு பிள்ளை உட்கார்ந்திருக்கும் அந்த முதல் பருவம்தான் அதிகம் பேசும். மாநிலவாசிகளுக்கு 2.4 ஜிபிஏ போதும் என்று விதி சொல்கிறது. பெர்க்லிக்கும் யூசிஎல்ஏக்கும் அந்த எண்ணை வைத்துத் திட்டமிடாதீர்கள். முதல் பருவத்தில் ஐந்து கடினமான பாடங்களை அடுக்குவதைவிட, நான்கை எடுத்து நன்றாகச் செய்வதே என் விருப்பம். பேராசிரியர் அறையில் இருக்கும் நேரத்தில் போய்ச் சந்தேகம் கேட்கச் சொல்லுங்கள். இங்கே பாடம் நடத்துவதுதான் அவர்கள் முழு வேலை, வரும் பிள்ளைகளை வரவேற்பார்கள்.

இரண்டாம் வருட நாட்காட்டி

செப்டம்பர் 1 முதல் 30 வரை டேக் விண்ணப்பம். டேக் என்றால் உத்தரவாத இடம். டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்கள் இதைத் தருகின்றன. பெர்க்லி, யூசிஎல்ஏ, சான் டியேகோ தருவதில்லை. ஒரு வளாகத்துக்கு மட்டுமே போட முடியும், எல்லா மேஜருக்கும் கிடையாது. தகுதி இருந்தும் இதைப் போடாமல் விடுவது எனக்குப் புரியாத விஷயம். கீழே வலை கட்டிக்கொண்டு மேலே எட்டிப் பிடிக்கலாமே.

அக்டோபர், நவம்பரில் பொது விண்ணப்பம். டேக் போட்டவரும் இதைத் தனியாகப் போட்டே ஆக வேண்டும். நான்கு சிறு கட்டுரைகள், ஒவ்வொன்றும் 350 சொல்லுக்குள். அதில் ஒன்று கட்டாயம்: எடுக்கப்போகும் மேஜருக்கு எப்படித் தயாரானாய் என்பது. எங்கள் பையன் முதல் வரைவில் நிராகரிப்பையும் அதிலிருந்து எழுந்ததையும் எழுதியிருந்தான். அதை எடுத்துவிட்டு, காலேஜின் கணித உதவி மையத்தில் இன்னொரு மாணவனுக்குச் சங்கிலி விதியைச் சொல்லிக்கொடுக்கப் போய், தனக்கே அது அரைகுறையாகத்தான் தெரியும் என்று கண்டுபிடித்த மாலையை எழுதினான். அந்தக் கட்டுரையில் அவன் இருந்தான்.

படித்த எல்லாக் காலேஜையும், டபிள்யூ உட்பட எல்லாப் பாடத்தையும் அப்படியே காட்ட வேண்டும். மறைத்தது தெரிந்தால் கிடைத்த இடமும் போகும். ஜனவரியில் மதிப்பெண் புதுப்பிப்புப் படிவம், மார்ச் 2-க்குள் நிதியுதவி விண்ணப்பம்.

எச்-4 விசாவில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளைக்கு 21 வயது ஆனால் அந்த விசா முடிந்துவிடும். இந்த இரண்டு வருடத் திட்டத்தின் நடுவிலோ ஓரத்திலோ அந்தப் பிறந்தநாள் வருகிறதா என்று முதல் நாளே பாருங்கள். எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறினால் பருவத்துக்கு 12 யூனிட் படித்தாக வேண்டும். காலேஜின் சர்வதேச மாணவர் அலுவலகத்தையும் வழக்கறிஞரையும் ஒரு வருடம் முன்பே பாருங்கள்.

ஏப்ரலில் முடிவுகள் வரும், ஜூன் 1-க்குள் ஒரு வளாகத்தை உறுதிசெய்ய வேண்டும். கிடைத்த இடம் நிபந்தனையோடு வருவது. கடைசிப் பருவத்தில் சொன்ன பாடத்தை விட்டாலோ மதிப்பெண் சரிந்தாலோ பறிபோகலாம். இறுதிச் சான்றிதழ் ஜூலை 1-க்குள் போய்ச் சேர வேண்டும். எங்கள் பையனுக்கு டேவிஸ் கிடைத்தது. ஜூன் கடைசி வாரம் முழுக்க, சான்றிதழ் வந்துவிட்டதா என்று தினமும் காலையில் தளத்தைத் திறந்து பார்த்தான். வந்தது என்று காட்டிய பிறகுதான், மஞ்சளும் பச்சையும் பூசிய அந்தத் தாள்களை மேசையிலிருந்து எடுக்க அக்காவை விட்டான்.