காப்புரிமை மேல்முறையீடு: சாஸ்டாப் எதிர் விடால் (அன்றைய அமெரிக்கக் காப்புரிமை அலுவலக இயக்குநர்) – முக்கியக் குறிப்புகள்

(அமெரிக்கக் காப்புரிமைப் பதிவுத் தேர்வு: 100 வினாக்கள், 6 மணி நேரம், தேர்ச்சிக்கு 70 சதவீதம்)

• ஜெர்சி சிட்டியிலிருந்து தேர்வு எழுதுவோர் எளிதில் தடுமாறும் இடம்: நியூஜெர்சியின் பிற ஃபெடரல் வழக்குகள் பிலடெல்ஃபியாவிலுள்ள மூன்றாம் சர்க்யூட்டுக்குப் போகும். காப்புரிமை வழக்கென்றால் வாஷிங்டனிலுள்ள ஃபெடரல் சர்க்யூட். அதன் தொடக்கம் 1982 அக்டோபர் 1.

• சாஸ்டாப், ஓரிகான் மாநில நிறுவனம். அதன் பாதுகாப்பு அமைப்பைக் கண்டுபிடித்தவர் ஸ்டீபன் காஸ். இயற்பியலாளர், காப்புரிமை வழக்கறிஞரும்கூட (இரண்டும் ஒருவரே என்பதை மறக்க வேண்டாம்). மரம் அறுக்கும் மேசை ரம்பத்தில் விரல் பட்டதும் மின்சமிக்ஞை மாறும். அலுமினியக் கட்டை பற்களுக்குள் பாயும். ரம்பம் சுமார் 5 மில்லி விநாடியில் நிற்கும். காஸ் இதை ஹாட் டாக் துண்டை வைத்துச் செய்து காட்டினார்.

• ரம்பம் சுழல்கிறதா என்பதை ஏன் அறிய வேண்டும்? சுவிட்சை அணைத்த பிறகும் மோட்டாரும் ரம்பமும் சிறிது நேரம் ஓடும். அதுவரை பாதுகாப்பு விழித்திருக்க வேண்டும். நின்றுபோன ரம்பத்தைத் தொட்டாலோ பிரேக் பாயக் கூடாது. ஒருமுறை பாய்ந்தால் பிரேக் கார்ட்ரிட்ஜும் பிளேடும் வீண். இந்த இயக்கமறியும் அமைப்புக்கான காப்புரிமை எண் 9,927,796.

• காப்புரிமைக் காலம் விண்ணப்ப நாளிலிருந்து 20 ஆண்டுகள். மேல்முறையீட்டில் வென்று காப்புரிமை பெற்றால், அதில் கழிந்த நாள்கள் கூடுதலாகக் கிடைக்கும்: பிரிவு 154(b)(1)(C).

• சாஸ்டாப் கேட்டது அந்த நாள்களைத்தான். முதல் கோரிக்கையை (claim) நிராகரிக்கக் காப்புரிமை அலுவலகம் சொன்ன 'முன்பே வெளியானது' என்ற காரணத்தை மாவட்ட நீதிமன்றம் தள்ளிவிட்டது. ஆனால் 'இரட்டைக் காப்புரிமை' என்ற இன்னொரு காரணம் அப்படியே நின்றது. அதை நிறுவனம் எதிர்க்கவே இல்லை. ஒரு பூட்டைத் திறந்தாலும் கதவு திறக்கவில்லை. வினா வந்தால் இங்கிருந்துதான் வரும் என்பது என் கணிப்பு.

• காலக்கெடு: கோரிக்கைகள் இருமுறை நிராகரிக்கப்பட்டால் காப்புரிமை அலுவலகத்தின் மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போகலாம். அறிவிப்புக் கொடுத்து 2 மாதத்துக்குள் வாதுரை தர வேண்டும். வாரியத்தின் முடிவை எதிர்த்து ஃபெடரல் சர்க்யூட் செல்ல 63 நாள். இரண்டு மாதம் என்று எழுதி மதிப்பெண்ணை இழக்காதீர்கள்.

• ஒப்பிட: இந்தியாவில் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் 2021-இல் கலைக்கப்பட்டது. பிரிவு 117A-இன்படி இப்போது உயர் நீதிமன்றம். கெடு 3 மாதம்.

• சாஸ்டாப் வழக்கில் ஃபெடரல் சர்க்யூட் தீர்ப்பு: 2022 செப்டம்பர் 14. கூடுதல் நாள் ஒன்றுகூட இல்லை.