முகத்தில் வாழும் நுண்ணுயிர்களும் நகரத்துப் புகையும்

அன்புள்ள தங்கைக்கு,

தோலின் மேற்பரப்பில் பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும் கூட்டமாக வாழ்கின்றன. முகத்தில் எண்ணெய் வழியும் இடங்களில் மிகுந்திருப்பது க்யூட்டிபாக்டீரியம் ஆக்னெஸ். முகப்பருவோடு சேர்த்தே பேசப்படுவதால் அதற்குக் கெட்ட பெயர். பரு இல்லாத முகங்களிலும் அதுவே மிகுதி. தோல் எண்ணெயைச் சிதைத்து அது வெளிவிடும் கொழுப்பு அமிலங்களால் தோலின் பி.எச். 5-ஐ ஒட்டி, இலேசான அமில நிலையில் நிற்கிறது. புண்ணில் சீழ் வைக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் அந்த அமிலத்தில் எளிதில் பெருகாது. அதன் உறவினமான எபிடெர்மிடிஸோ, ஈரம் காக்கும் செராமைடு உருவாக உதவுகிறது.

நகரத்துக் காற்று முதலில் தாக்குவது இந்த எண்ணெய்ப் படலத்தை. வாகனப் புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளும் ஆவியாகும் கரிமச் சேர்மங்களும் வெயிலில் வினைபுரிந்து தரைமட்ட ஓசோன் உண்டாகிறது. அதனால்தான் பிற்பகலில் அது கூடுகிறது. ஓசோன் தோலுக்குள் ஆழமாக இறங்குவதில்லை. எண்ணெயில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கான ஸ்குவாலீனோடு மேற்பரப்பிலேயே வினைபுரிகிறது. விளையும் பெராக்சைடுகள் துளைகளை அடைத்துப் பருவைத் தூண்டுகின்றன. 2006-இல் வெளியான ஓர் ஆய்வில், ஓசோன் பட்ட தோலில் வைட்டமின் ஈ பெருமளவு குறைந்தது. நுண்ணுயிர்கள் ஏறக்குறையப் பாதியாயின. அங்கே பயன்பட்ட ஓசோன், வழக்கமான நகரக் காற்றில் இருப்பதைவிடப் பல மடங்கு என்பதையும் மறக்கக் கூடாது.

டீசல் புகைத்துகளின் வழி வேறு. பி.எம். 2.5 எனப்படும் இந்த நுண்துகள், தலைமுடியின் குறுக்களவில் முப்பதில் ஒரு பங்கு அளவே. அதில் ஒட்டியிருக்கும் பலவளைய ஹைட்ரோகார்பன்கள் எண்ணெயில் கரைந்து, தோல் செல்களில் அழற்சியையும் நிறமியையும் கூட்டுகின்றன. ஜெர்மனியின் ரூர் தொழில் வட்டாரத்திலும் அருகிலுள்ள நாட்டுப்புறத்திலும் வாழ்ந்த, 70 முதல் 80 வயதான 400 பெண்களைப் பற்றிய ஆய்வு 2010-இல் வந்தது. புகைக்கரி கூடக்கூட அவர்களுடைய நெற்றியிலும் கன்னத்திலும் கரும்புள்ளிகள் சுமார் 20 சதவீதம் கூடியிருந்தன.

இதையெல்லாம் படித்ததும் முகத்தை அடிக்கடி சோப்புப் போட்டுத் தேய்க்கத் தோன்றும். இளம் வயதில் பலர் செய்யும் பெருந்தவறு அதுதான். சாதாரணக் குளியல் சோப்பின் பி.எச். பெரும்பாலும் 9-க்கும் 10-க்கும் இடையில் இருக்கிறது. ஒவ்வொரு கழுவலிலும் அமிலநிலை குலைந்து, மீளச் சில மணி நேரமாகிறது. வீடு திரும்பியதும் பி.எச். 5.5 அளவிலான மென்மையான ஃபேஸ்வாஷால் ஒருமுறை கழுவினால் போதும். ஈரம் காயுமுன் கிளிசரினோ செராமைடோ உள்ள மாய்ஸ்சரைசரைப் பூசலாம். ஸ்க்ரப் வேண்டாம். பகலில் சன்ஸ்கிரீன் அவசியம்: பலவளைய ஹைட்ரோகார்பன்கள் புற ஊதாக் கதிர் பட்டால் இன்னும் கொடியவை.

'புரோபயாட்டிக்' என்ற பெயரில் விலை கூட்டி விற்கப்படும் கிரீம்கள் பெரும்பாலானவற்றில் உயிருள்ள பாக்டீரியா இல்லை. கெடாமல் காக்கச் சேர்க்கும் வேதிப்பொருளே அவற்றைக் கொன்றுவிடும். இருப்பவை சிதைந்த பாக்டீரியாக் கூறுகளே. அந்தக் கிரீம்களை வாங்காததால் இழப்பு ஏதுமில்லை. ஆனால் ஸ்டீராய்டு கலந்த சிவப்பழகு கிரீம்கள் உண்மையில் ஆபத்தானவை. தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்து, பருவும் சிவப்பும் பெருகும். திடீரென நிறுத்தினால் எரிச்சல் இன்னும் கூடும். அப்படி ஒன்றை ஏற்கெனவே பயன்படுத்தி வருபவர், தோல் மருத்துவரிடம் காட்டியே நிறுத்த வேண்டும்.

அன்புடன்,
அக்கா