தானாக வராத கடிதம்

மும்பையில் தாராவி. அங்கே 90 அடி சாலைப் பக்கம் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. ஒரு தையல் அக்கா அங்கே இருக்கிறார். பள்ளிச் சீருடை தைக்கிறார். நான்கு பெண்கள் அவரிடம் வேலை செய்கிறார்கள்.

அது 2022 ஜூன் மாதம். பள்ளிக்கூடம் திறக்கும் நேரம். புனேயில் உள்ள கடைக்காரர் அளவுப் பட்டியலை மின்னஞ்சலில் அனுப்புவார். அக்காவின் கம்ப்யூட்டரில் தண்டர்பேர்டு என்ற மெயில் புரோகிராம் உண்டு. அது தானாகவே கடிதங்களைக் கொண்டு வந்து விடும்.

மூன்று நாளாக ஒரு கடிதமும் வரவில்லை. தையல் மிஷின்கள் சும்மா கிடந்தன. அப்போது கடைக்காரர் போன் செய்தார்.

"பட்டியல் அனுப்பி மூன்று நாள் ஆச்சு. பதிலே இல்லையே? வேறு ஆளுக்குக் கொடுக்கட்டுமா?"

அக்காவுக்குப் பகீரென்றது. ஒரு நாள் தவணை கேட்டார். பக்கத்து வீட்டுத் தம்பியைக் கூப்பிட்டார். அவன் கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்ப்பவன்.

"பாஸ்வேர்டு கேட்குது தம்பி. சரியாத்தான் போடுறேன். தப்பு தப்புன்னு சொல்லுது."

"பொறுங்க அக்கா. முதல்ல நெட் இருக்கான்னு பார்ப்போம்."

வேறு ஒரு பக்கத்தைத் திறந்தான். திறந்தது. நெட் இருக்கிறது. 'வொர்க் ஆஃப்லைன்' என்பதில் டிக் விழுந்திருக்கிறதா என்று பார்த்தான். அது விழுந்திருந்தால் புரோகிராம் நெட்டைத் தொடாது. டிக் இல்லை.

பிறகு ஜிமெயில் பக்கத்தைத் திறந்தான். அதே பாஸ்வேர்டைப் போட்டார் அக்கா. அங்கே புனேக் கடிதம் இருந்தது!

எப்படி? கடிதம் நேராக நம் கம்ப்யூட்டருக்கு வருவதில்லை. சர்வர் என்ற பெரிய கம்ப்யூட்டரில் தங்குகிறது. அது தபால் ஆபீஸ் மாதிரி. மெயில் புரோகிராம் நம் வீட்டுப் பிள்ளை மாதிரி. சில நிமிடத்துக்கு ஒரு முறை அங்கே ஓடும். கடிதத்தை வாங்கி வரும். பிள்ளை வெறுங்கையோடு வந்தால் கடிதம் தொலைந்தது என்று அர்த்தம் இல்லை. பலர் இது தெரியாமல் புரோகிராமையே அழித்து விடுகிறார்கள். பாவம்.

அப்படியானால் பாஸ்வேர்டு ஏன் செல்லவில்லை?

2022 மே 30 முதல் கூகுள் ஒரு மாற்றம் செய்தது. வெறும் பெயரும் பாஸ்வேர்டும் கொண்டு வரும் வெளிப் புரோகிராம்களை அது உள்ளே விடுவதில்லை. திருட்டைத் தடுக்கவே இந்த ஏற்பாடு. அக்காவின் புரோகிராம் பழைய முறையிலேயே போய்க் கதவைத் தட்டியது.

தம்பி 'அக்கவுண்ட் செட்டிங்ஸ்' திறந்தான். அதில் 'சர்வர் செட்டிங்ஸ்'. அங்கே 'ஆதென்டிகேஷன் மெத்தட்' என்ற இடத்தில் 'நார்மல் பாஸ்வேர்டு' என்று இருந்தது. அதை 'ஓ-ஆத் 2' என்று மாற்றினான். கூகுளின் பக்கம் ஒன்று திறந்தது.

"இப்ப நீங்களே போடுங்க அக்கா. நான் திரும்பிக்கிறேன். பாஸ்வேர்டை எனக்கும் சொல்லாதீங்க. போன்ல வர்ற ஓடிபியையும் யாருக்கும் சொல்லாதீங்க."

அக்கா போட்டார். அனுமதி கேட்டது. கொடுத்தார். மூன்று நாள் கடிதங்களும் மளமளவென்று இறங்கின.

அக்கா உடனே பதில் எழுதினார். அது போகவில்லை! அனுப்பும் சர்வர் வேறு. அதற்கும் தனியாக அதே மாற்றம் செய்ய வேண்டும். தம்பி இதை மறந்து விட்டான். இரண்டு நிமிடத்தில் அதையும் மாற்றினான்.

"பட்டியல் கிடைத்தது. வேலை தொடங்குகிறோம்" என்ற பதில் புனேக்குப் போனது. நான்கு மிஷின்களும் ஓடத் தொடங்கின.