சிரிப்புக்கு இலக்கான உபதேசம்

அன்புள்ள மருமகனுக்கு,

போதை ஒழிப்பு நாளன்று உங்கள் கல்லூரியில் நடிக்கவிருக்கும் நாடகத்தை எழுதும் பொறுப்பு உன்னிடம் வந்திருப்பதையும், முன்மாதிரி தேடிய நீ ‘ரீஃபர் மேட்னஸ்’ என்னும் பழைய அமெரிக்கப் படத்தைப் பார்த்துத் தோழர்களோடு விழுந்து விழுந்து சிரித்ததையும் எழுதியிருந்தாய். சிரித்ததில் குற்றமில்லை, மக்களே; அந்தச் சிரிப்பு எங்கே பிறந்தது என்று ஆராய்ந்தால் உனக்கு வேண்டிய பாடம் அங்கேயே கிடைக்கும்.

1936-இல் லூயி காஸ்னியே இயக்கிய அப்படம், பள்ளித் தலைவர் ஒருவர் பெற்றோரைக் கூட்டி வைத்துச் செய்யும் பிரசங்கமாகவே விரிகிறது. கஞ்சாச் சுருட்டை உறிஞ்சிய வாலிபன் ஒருவன் வண்டியை வழிப்போக்கன்மேல் ஏற்றுவதும், ஒரு பெண் குண்டடிபட்டு மாள்வதும், மற்றொருத்தி சன்னல் வழியே பாய்ந்து உயிர்விடுவதும், இன்னொருவன் மீளாத சித்தப்பிரமைக்கு ஆளாவதும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து குவிகின்றன. கஞ்சாவைக் கண்ணால் கண்டிராத பெற்றோருக்கு இவையெல்லாம் பயங்கரமாகத் தோன்றியிருக்கலாம். ஆனால் அதைப் புகைத்தவர்களையும், புகைத்தபின் மந்தமாய்ச் சுருண்டு கிடந்தவர்களையும் நேரில் கண்டிருந்த அடுத்தடுத்த தலைமுறையினர் முன்னே அதே காட்சிகள் விகடமாய் மாறின. 1972-இல், கஞ்சாச் சட்டத்தைத் தளர்த்தப் போராடிய கீத் ஸ்ட்ரூப் என்பவர், அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்திலிருந்து 297 டாலருக்கு அதன் பிரதியை வாங்கிக் கல்லூரிதோறும் காட்டித் தம் இயக்கத்துக்குப் பணம் திரட்டினார். கஞ்சாவை ஒழிக்கப் பிறந்த படம் கஞ்சாவின் கட்சிக்கே உண்டியல் குலுக்கிற்று!

அதே 1936-இல் நம் தமிழிலும் ஒரு மதுவிலக்குக் கதை படமாயிற்று என்பதை நீ அறிந்திருக்க மாட்டாய். எல்லிஸ் ஆர். டங்கன் என்னும் அமெரிக்கர் இயக்கி, எம்.ஜி.ஆர். முதன்முதலாகத் திரையில் தோன்றிய ‘சதி லீலாவதி’தான் அது. எஸ்.எஸ். வாசன் எழுதிய அதன் கதைக்கு மூலம், திருமதி ஹென்றி வுட் என்னும் ஆங்கில மாது 1860-இல் மதுவிலக்கு இயக்கத்தார் வைத்த போட்டிக்கு எழுதிப் பரிசு பெற்ற நாவல். குடிமயக்கத்தில் நண்பனைக் கொன்றுவிட்டதாக நம்பி இலங்கைத் தோட்டத்துக்கு ஓடிக் கூலியாகும் செல்வந்தனின் கதையைச் சொல்வது அப்படம். மிகையில் அமெரிக்கப் படத்துக்கு அதிகம் பின்தங்கியதன்று. ஆயினும் அப்படத்தில் நம் நாஞ்சில் நாட்டு ஒழுகினசேரிக்காரர் என்.எஸ். கிருஷ்ணன் இருந்தார். வில்லுப்பாட்டில் வளர்ந்து, ஜனங்களின் நாடி பார்க்கத் தெரிந்த அவர், ஜனங்கள் தம்மைப் பார்த்துச் சிரிக்குமுன் தாமே சிரிப்பை மூட்டிவிடும் உபாயத்தைக் கைக்கொண்டவர். அண்ணா எழுத, 1949-இல் கிருஷ்ணன் தயாரித்து நடித்த ‘நல்லதம்பி’யிலும் சீர்திருத்தப் பிரசாரம் ஹாஸ்யத்தின் தோளேறியே வந்தது. நாஞ்சில் நாட்டுக்கு இது புதிதன்று. மாமன்மாரின் சொத்து மருமக்களைச் சேர்ந்த வழக்கத்தைத் தேரூர்க் கவிமணி ‘மருமக்கள்வழி மான்மியம்’ பாடி நகைத்ததும், பிறகு 1926-ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வழக்கத்தை முடித்துவைத்ததும் உன் பாட்டனார் காலத்துச் செய்திகள். (அச்சட்டத்தால் நீ இழந்தது என் பழைய சைக்கிள் ஒன்றுதான், வருந்தாதே.)

நம் பனையேறிகள் கலயத்தில் சுண்ணாம்பை அளவோடு தடவினால் அக்கானி என்னும் பதநீர். தடவாது விட்டால் கள். அள்ளிப் பூசினாலோ வாயில் வைக்க முடியாது. உபதேசத்தின் அளவும் அவ்வாறே.

இன்றைய திரையரங்குகளில் படத்துக்கு முன் காட்டும் புகையிலை எச்சரிக்கைகளை நீ உதாரணம் காட்டியிருந்தாய். அவற்றுள் சிலவற்றில் தோன்றியவர்கள் மெய்யான நோயாளிகள்; ஆகவே மிகை என்னும் குற்றம் அங்கே இல்லை. ஓயாமல் காட்டியதே பிழையாகி, ஜனங்கள் வசனத்தைக் கூடவே ஒப்பித்துச் சிரிக்கும் நிலை வந்தது. ஓயாமல் காட்டிய எச்சரிக்கைப் படம் ஒன்றின் தொடக்க வரி 2018-இல் தெலுங்கு நகைச்சுவைப் படம் ஒன்றுக்குத் தலைப்பாகவும் ஆயிற்று. நோயாளிகளைக் கண்டு எழும் சிரிப்பில் மட்டும் நான் கலந்துகொள்வதில்லை.

ஆதலால் உன் நாடகத்தில் ஒரே இழுப்பில் பைத்தியமாகிறவனை வேண்டாம் என்று வை. கடனை மறைப்பவனையும், தேர்வைத் தவறவிட்டு வீட்டில் பொய் சொல்பவனையும், அந்தப் பொய்யைக் கண்டும் காணாதவள்போல் சோறு போடும் தாயையும் எழுது. உங்கள் கல்லூரியில் எவனும் நேரில் கண்டிராத எதையும் மேடையில் ஏற்றாதே. எழுதி முடித்ததும், ஒத்திகைக்கு முன்னரே, எனக்கு ஒரு பிரதி அனுப்பு.

அன்புடன்,
மாமா