நூலிழையில் நழுவிய வெற்றிகள்
(நெப்ராஸ்கா சர்வகலாசாலைக் காற்பந்துக் குழுவினரின் 2021-ஆம் ஆண்டுப் பருவம் பற்றிய ஓர் ஆராய்ச்சி)

விளையாட்டரங்கிலே வென்றோரைப் புகழ்தலும் தோற்றோரை இகழ்தலும் உலக வழக்கு. ஆயினும், பெருவெற்றியும் பெருந்தோல்வியும் நமக்குப் போதிப்பன மிகச் சிறிதே. வலியார் மெலியாரை வென்றனர் என்பதற்கு மேல் அவற்றில் அறியவேண்டுவது யாதுமில்லை. இரு குழுவினரும் ஏறக்குறையச் சமநிலையில் நின்று பொருது, இறுதி நிமிஷங்களில் ஒருவர் ஒருபடி முந்துவதாய் முடியும் ஆட்டங்களே ஆராய்ச்சிக்கு உரியன. அத்தகைய ஆட்டங்கள் ஒரு குழுவினர்க்கு ஒரு பருவம் முழுவதும் வாய்த்து, அவை அனைத்திலும் அவர்களே தோற்றிருப்பாராயின், அதனை ஊழ் என்பதா, குறை என்பதா? இவ்வினாவை ஓர் உண்மை உதாரணத்தைக் கொண்டு ஆராய்வோம்.

ஆட்டத்தின் முறை

அமெரிக்க நாட்டார் காற்பந்து என வழங்குவது நம் நாட்டில் மாணவர் ஆடும் காற்பந்தன்று. இருபுறமும் குவிந்த நீள்வடிவப் பந்தைக் கையிலேந்தி ஓடியும், முன்னோக்கி எறிந்தும், சிற்சில சமயங்களில் உதைத்தும் ஆடப்பெறுவது அது. பக்கத்திற்குப் பதினொருவர் ஆடுவர். களம் இரு எல்லைக்கோடுகளுக்கிடையே நூறு கஜ நீளமுடையது. ஆட்டம் பதினைந்து நிமிஷங்கள் கொண்ட நான்கு கால்பகுதிகளாக நடைபெறும். பந்தையுடைய குழுவினர்க்கு நான்கு முயற்சிகள் உண்டு. அவற்றுள் பத்துக் கஜம் முன்னேறினால் மீண்டும் நான்கு முயற்சிகள் பெறுவர்.

எதிரியின் எல்லைக்கோட்டைப் பந்துடன் கடந்தால் ஆறு புள்ளி. அதன்பின் பந்தைக் கம்பங்களுக்கிடையே உதைத்தால் மேலும் ஒன்று. உதைக்காமல் மீண்டும் எல்லையைக் கடந்தால் இரண்டு. களத்திலிருந்து நேரே கம்பங்களுக்கிடையே உதைத்தால் மூன்று. பந்தை வைத்திருப்போரை அவர்தம் எல்லைக்குள்ளேயே மடக்கினால் மடக்கியவர்க்கு இரண்டு. எனவே ஒரே முன்னேற்றத்தில் ஒரு குழுவினர் பெறக்கூடியது மிகுதியாய் எட்டுப் புள்ளி. எட்டுக்கு மேற்படாத வித்தியாசத்தில் முடியும் ஆட்டத்தை 'நெருங்கிய ஆட்டம்' என வழங்குவது இதுபற்றியே.

அமெரிக்கக் கல்லூரிகளுக்கிடையே நிகழ்ந்த முதற் காற்பந்தாட்டம் 1869-ஆம் ஆண்டு நவம்பர் 6-ஆம் நாள் ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் என்னும் இரு கல்லூரியார்க்கும் நடந்தது. ரட்கர்ஸ் கல்லூரியார் 6-4 என்ற கணக்கில் வென்றனர். இவ்விளையாட்டின் தொடக்கமே ஒரு நெருங்கிய ஆட்டமாயிருந்தது கவனிக்கத்தக்கது.

நெப்ராஸ்கா குழுவினர்

அதே 1869-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது நெப்ராஸ்கா சர்வகலாசாலை. அது மக்காச்சோளம் மிகுதியாய் விளையும் சமவெளி நாட்டில் லிங்கன் நகரத்தில் உள்ளது. அதன் ஆட்டக்காரர்க்கு 'சோளக்கதிர் உரிப்போர்' என்னும் பொருள்படும் பெயர் வழங்குவதும் இதனாலேயே. போரில் உயிர்நீத்தோர் ஞாபகார்த்தமாக 1923-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற அவர்களுடைய விளையாட்டரங்கில், 1962 முதல் ஒவ்வோர் ஆட்டத்திற்கும் அனுமதிச் சீட்டுகள் முழுவதும் விற்றுப்போயின. 1970, 1971, 1994, 1995, 1997 ஆகிய ஆண்டுகளில் அக்குழுவினர் தேசிய முதன்மை எய்தினர். 1997-ஆம் ஆண்டு வெற்றியில் குழுவை முன்னின்று நடத்திய ஆட்டக்காரர் அந்நாட்டிலேயே பிறந்தவரான ஸ்காட் பிராஸ்ட் என்பவர். அவரே 2018-ஆம் ஆண்டுப் பருவத்திலிருந்து அக்குழுவினர்க்குத் தலைமைப் பயிற்சியாசிரியர் ஆனார்.

2021-ஆம் ஆண்டின் கணக்கு

அப்பருவத்தில் நெப்ராஸ்கா குழுவினர் ஆடிய ஆட்டங்கள் பன்னிரண்டு. அவற்றுள் மூன்றில் வென்றனர்: போர்டாம் குழுவினரை 52-7, பபலோ குழுவினரை 28-3, நார்த்வெஸ்டர்ன் குழுவினரை 56-7. ஏனைய ஒன்பதிலும் தோற்றனர். அவை வருமாறு: இல்லினாய் 30-22; ஓக்லஹோமா 23-16; மிச்சிகன் ஸ்டேட் 23-20; மிச்சிகன் 32-29; மின்னசோட்டா 30-23; பர்டூ 28-23; ஒஹாயோ ஸ்டேட் 26-17; விஸ்கான்சின் 35-28; அயோவா 28-21.

இவ்வெண்களைக் கூட்டி நோக்குவோம். பருவம் முழுவதும் அவர்கள் பெற்ற புள்ளி 335, கொடுத்தது 272. அஃதாவது, ஒன்பது ஆட்டங்களில் தோற்ற குழுவினர், மொத்தத்தில் எதிரிகளைவிட 63 புள்ளி மிகுதியாய்ப் பெற்றிருந்தனர். ஒன்பது தோல்விகளின் வித்தியாசங்களையும் கூட்டினால் வருவது 56. தோல்வி ஒன்றுக்குச் சராசரி ஆறு புள்ளிக்குச் சிறிது மேல். ஒஹாயோ ஸ்டேட் ஆட்டம் ஒன்றில் மட்டும் வித்தியாசம் ஒன்பது. மற்ற எட்டும் நெருங்கிய ஆட்டங்கள். எட்டிலும் தோல்வியே கிடைத்தது. நெருங்கிய வெற்றி ஒன்றேனும் இல்லை. பெருவெற்றியடைய வல்லவர்க்குச் சிறுவெற்றி கைகூடாமற் போயிற்று.

வெற்றிகள் நழுவிய விதம்

பருவத்தின் முதல் ஆட்டமாகிய இல்லினாய் ஆட்டத்திலேயே, எதிரி உதைத்த பந்தைத் தம் எல்லைக்கருகே பிடித்த ஒருவர் எல்லைக்குள் அகப்பட்டதனால் இரண்டு புள்ளி போயின. பின்னர்க் கைநழுவிய பந்தை எதிரி எடுத்தோடியதனால் ஆறு புள்ளி போயின.

ஓக்லஹோமா ஆட்டத்தில், எல்லையைக் கடந்தபின் ஒரு புள்ளிக்காக உதைக்கப்பெற்ற பந்தை எதிரிகள் தடுத்து, அதனையே மறுமுனைவரை கொண்டோடி இரண்டு புள்ளி பெற்றனர். ஒன்று வரவேண்டிய இடத்தில் இரண்டு போயின.

மிச்சிகன் ஸ்டேட் ஆட்டமோ இன்னும் வியப்புடைத்து. பிற்பாதி முழுவதிலும் எதிரிகள் ஒருமுறையேனும் பத்துக் கஜம் முன்னேறிப் புதிய முயற்சிகள் பெற இயலாவண்ணம் நெப்ராஸ்கா குழுவினர் தடுத்தனர். 20-13 என முன்னின்றனர். ஆட்டம் முடிய நான்கு நிமிஷத்திற்கும் குறைவாயிருந்தபோது அவர்கள் உதைத்த பந்து தங்கள் காவலர் திரண்டிருந்த பக்கத்தை விட்டு மறுபக்கம் சென்றது. அதனைப் பிடித்த எதிரி 62 கஜம் ஓடி எல்லையைக் கடந்தார். ஆட்டம் சமமாயிற்று, மிகைநேரத்தில் தோல்வி வந்தது.

மிச்சிகன் ஆட்டத்தில் 29-29 எனச் சமநிலை நிலவியபோது, கடைசி இரண்டு நிமிஷத்திற்குள் பந்து கையினின்று பறிக்கப்பட்டது. எதிரி உதைத்து மூன்று புள்ளி பெற்றார். பர்டூ ஆட்டத்தில் எறிந்த பந்துகள் நான்கு எதிரியின் கைக்குச் சென்றன. இறுதி ஆட்டமாகிய அயோவா ஆட்டத்தில் 21-6 என முன்னின்றவர்கள், அதன்பின் ஒரு புள்ளியும் பெறாது 22 புள்ளி கொடுத்தனர். அவற்றுள் தடுக்கப்பெற்ற ஓர் உதையால் எதிரிக்குக் கிடைத்த ஆறு புள்ளியும் அடங்கும்.

இவற்றை ஒருங்கு வைத்து நோக்குமிடத்து ஒரு பொதுத்தன்மை புலனாகும். ஓட்டத்திலும் காவலிலும் அக்குழுவினர் எதிரிகளுக்குக் குறைந்தவரல்லர். உதைத்தல், உதைத்ததைக் காத்தல், பந்தைக் கைவிடாது பற்றுதல் ஆகிய சிறு காரியங்களிலேயே குறைந்தனர். ஓர் ஆட்டத்தில் உதைக்கும் சந்தர்ப்பங்கள் மிகச் சிலவே. ஆயினும் வித்தியாசம் மூன்றாகவோ ஏழாகவோ இருக்கும்போது அச்சிலவே முடிவைத் தீர்மானிக்கின்றன. ஐம்பது புள்ளி வித்தியாசத்தில் வெல்லும் நாளில் ஓர் உதை பிழைத்தால் எவரும் அதனை நினைப்பதில்லை.

ஊழோ, குறையோ?

நெருங்கிய ஆட்டம் ஒவ்வொன்றும் நாணயத்தைச் சுண்டிப் பூவா தலையா பார்ப்பதை ஒக்கும் என்பர் சிலர். அக்கொள்கையைக் கணிதத்தால் சோதிப்போம். எட்டு முறை சுண்டி எட்டு முறையும் தலையே விழுதற்கு 256-இல் ஒரு பங்கே இடமுண்டு. இஃது அரிதேயாயினும் நடவாததன்று. மேல்வகுப்பில் ஆடும் குழுக்கள் அந்நாட்டில் நூற்றுமுப்பது அளவில் உள்ளன, ஆண்டுகளும் பல. எங்கேனும் எப்பொழுதேனும் இது நிகழ்தல் இயல்பே.

இக்கொள்கைக்குத் துணையாவது டெக்ஸஸ் கிறிஸ்தவ சர்வகலாசாலைக் குழுவினரின் வரலாறு. 2022-ஆம் ஆண்டுப் பருவத்தில் அவர்கள் நெருங்கிய ஆட்டங்கள் ஏழில் ஆறனை வென்று, தேசிய முதன்மைக்குரிய இறுதி ஆட்டம்வரை சென்றனர். அவ்விறுதியாட்டத்தில் ஜார்ஜியா குழுவினரிடம் 65-7 எனத் தோற்றனர். அடுத்த 2023-ஆம் ஆண்டில் அதே குழுவினர் நெருங்கிய ஆட்டங்கள் நான்கில் ஆடி நான்கிலும் தோற்றனர். பன்னிரண்டு ஆட்டங்களில் வென்றவை ஐந்தே. முன்னாண்டில் உதவிய நாணயம் பின்னாண்டில் கைவிட்டது எனலாம்.

ஆயினும் நெப்ராஸ்கா விஷயத்தில் கணக்கு இவ்வளவில் நின்றுவிடவில்லை. பிராஸ்ட் பயிற்சியாசிரியராயிருந்த காலம் முழுவதும் நிகழ்ந்த நெருங்கிய ஆட்டங்கள் 27. அவற்றுள் வென்றவை 5, தோற்றவை 22. நாணயத்தை 27 முறை சுண்டி, ஐந்து முறையோ அதனினும் குறைவாகவோ பூ விழுதற்கு ஏறக்குறைய 1,300-இல் ஒரு பங்கே இடமுண்டு. எனவே ஓராண்டின் துரதிர்ஷ்டத்தை ஊழ் என ஒதுக்கலாமாயினும், ஐந்தாண்டின் துரதிர்ஷ்டத்தை அவ்வாறு ஒதுக்குதல் அரிது.

எதிரிகளின் வலிமையையும் இங்கே மறத்தலாகாது. 2021-இல் நெப்ராஸ்காவை வென்ற ஒன்பது குழுவினருள் எண்மர் அவ்வாண்டில் ஒன்பதோ அதற்கு மேலோ வெற்றி பெற்றவர்கள். வலியாரோடு சமமாய்ப் பொருதல் பெருமையே. ஆனால் நாணயம் இருபுறமும் ஒரே எடையுடையதன்று என்பதும் இதனால் விளங்கும். தன்னினும் சிறிது வலியாரோடு நெருங்கி ஆடுவோர் பாதிக்கும் குறைவாகவே வெல்லுதல் எதிர்பார்க்கத்தக்கது. ஆகவே அவ்வெட்டுத் தோல்விகளில் எதிரியின் வலிமைக்கு ஒரு பங்கும், தற்செயலுக்கு ஒரு பங்கும், சிறு காரியங்களில் நேர்ந்த சோர்வுக்கு ஒரு பங்கும் உண்டு என்பதே நடுநிலையான தீர்ப்பு. இம்மூன்றனுள் திருத்துதற்குரியது கடைசியது ஒன்றே.

அதற்கு மாறான உதாரணமும் உண்டு. 2002-ஆம் ஆண்டுப் பருவத்தில் ஒஹாயோ ஸ்டேட் குழுவினர் பதினான்கு ஆட்டங்களிலும் வென்று தேசிய முதன்மை பெற்றனர். அவற்றுள் ஏழு ஆட்டங்கள் ஏழு புள்ளிக்கு மேற்படாத வித்தியாசத்தில் முடிந்தவை. பர்டூ குழுவினரை வென்றது 10-6 என்ற கணக்கில். உறுதியான காவலும் நம்பத்தக்க உதையுமே அவர்களுடைய வலிமையாயிருந்தன.

பின் நிகழ்ந்தவை

2022-ஆம் ஆண்டுப் பருவத்திற்கு முன் நெப்ராஸ்கா குழுவினர் உதவியாசிரியர் சிலரை மாற்றி, உதைப்பகுதிப் பயிற்சிக்கெனப் பொறுப்பாளர் ஒருவரையும் ஏற்படுத்தினர். ஆயினும் அயர்லாந்தின் டப்ளின் நகரில் நார்த்வெஸ்டர்ன் குழுவினரோடு ஆடிய முதல் ஆட்டத்தில், 28-17 என முன்னின்றும் 31-28 எனத் தோற்றனர். செப்டம்பர் 10-ஆம் நாள் ஜார்ஜியா சதர்ன் குழுவினரிடம் 45-42 எனத் தோற்றனர். மறுநாளே பிராஸ்ட் பதவியினின்று நீக்கப்பட்டார். தன் நாட்டு மக்கள் கொண்டாடிய ஒருவர், தோள்கொடுத்து வென்ற அதே களத்தில், நூலிழைத் தோல்வியொன்றால் விடைபெற நேர்ந்தது.

ஆள் மாறினும் நிலை உடனே மாறவில்லை. 2023-இல் புதிய பயிற்சியாசிரியரின் கீழும் நெருங்கிய தோல்விகள் ஐந்து நேர்ந்தன. அவற்றுள் மூன்று 13-10 என்ற ஒரே கணக்கு. 2024-இல் அவர்கள் ஏழு ஆட்டங்களில் வென்றனர். அவ்வேழாவது வெற்றி பருவ முடிவில் பாஸ்டன் கல்லூரிக் குழுவினரை 20-15 எனக் கடந்தது. அது நெருங்கிய ஆட்டம் என்பது குறிப்பிடத்தக்கது.

நாம் கொள்ளவேண்டிய பாடம்

வள்ளுவர் ஊழுக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். இரண்டையும் ஒரே நூலில் வைத்தாரேயன்றி, ஒன்றைக் கூறி மற்றொன்றை விட்டாரல்லர். தோற்றபோது ஊழையே பழிப்பவன் திருந்தமாட்டான். தற்செயலாய் வந்த தோல்விக்கும் தன்னையே முற்றும் நொந்துகொள்பவன் தளர்ந்துபோவான். எது எவ்வளவு என அளந்தறிவதே கல்வியின் பயன். அவ்வளவை ஓர் ஆட்டத்தைக் கொண்டு அறிய இயலாது. பல ஆட்டங்களை வரிசையாக வைத்து எண்ணியே அறியவேண்டும்.

தேர்விலே இரண்டெண் குறைந்து தவறிய மாணவன் வினாத்தாளை நோவது எளிது. அவ்விரண்டெண் எங்கே போயிற்று என விடைத்தாளைப் புரட்டிப் பார்ப்பது கடினம், பயனுடையது அதுவே. பெரிய வினாக்களை எல்லாரும் கருத்தூன்றிப் படிக்கின்றனர். சமநிலையில் நிற்போரைப் பிரித்துக் காட்டுவன சிறிய வினாக்களே. நம் கல்லூரிக் குழுவினரும் மாலைதோறும் பயிற்சி முடிந்து களத்தை விட்டு நீங்குமுன், ஒருவரும் விரும்பிச் செய்யாத அச்சிறு அப்பியாசங்களுக்குக் கால்மணி நேரம் ஒதுக்குவாராயின், அடுத்த பருவத்தில் வரும் நெருங்கிய ஆட்டங்களில் ஊழுக்கு விடும் பங்கு அவ்வளவுக்குக் குறையும்.